கருவி அறிவதும் அறியாததும்

சென்ற தவணையின் இறுதியில் ஒரு சனிக்கிழமை. கண்டியில் நான் கற்பிக்கும் கீழைத்தேயக் கல்லூரியிலே பண்டித வகுப்பு மாணாக்கருக்கு அளவையியல் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணாற் காண்பது காண்டல். புகையைக் கண்டு, காணாத தீயை உண்டென்று துணிவது கருதல். காணவும் கருதவும் இயலாத ஒன்றை நம்பத்தக்கார் சொல்லால் அறிவது உரை. மணிமேகலையிலே பத்தாக விரிந்து கிடக்கும் அளவைகளைச் சைவ சித்தாந்த ஆசிரியர்கள் இம்மூன்றனுள் அடக்கினர் என்று கூறி நிறுத்தினேன்.

அப்போது அக்குறணையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “ஐயா, உரையளவையின் தேவை நாளுக்கு நாள் குறைந்து வருகிறதல்லவா? என் நானா பேராதனையில் இரசாயனவியல் படிக்கிறார். ஓர் உணவிலே பன்றிக் கொழுப்புக் கலந்திருக்கிறதா என்பதை ஒளியைச் செலுத்தியே சொல்லும் கருவி இருக்கிறதாம். அப்படியானால், ‘இது ஹலால்’ என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் நம்பவேண்டிய அவசியம் இனி எதற்கு?” என்றாள்.

வகுப்பிலிருந்தோர் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை. “அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன், பிள்ளை” என்று கூறி வகுப்பை முடித்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்தனவும், கேட்டனவும், எண்ணியனவுமே இக்கட்டுரை.

முதலிற் சொற்களைத் தெளிந்துகொள்வோம். ‘ஹலால்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ‘ஆகுமானது’, ‘அனுமதிக்கப்பட்டது’ என்பன பொருள். விலக்கப்பட்டது ‘ஹராம்’. இவ்விரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரியவை என ஒரு வகையையும் இஸ்லாமிய அறிஞர் வகுத்துள்ளனர். பன்றியிறைச்சி விலக்கு என்பதை எல்லாரும் அறிவர். ஆனால் அவ்வளவோடு முடிந்துவிடவில்லை. ஆகுமான விலங்கும் முறைப்படி, இறைவன் பெயர் கூறி, அறுக்கப்பட வேண்டும். விலக்கப்பட்டவற்றோடு ஒரே பாத்திரத்திற் கிடந்து அழுக்குற்றதாகவும் இருத்தலாகாது. 1997ஆம் ஆண்டிலே கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவு ஆணைக்குழு ‘ஹலால்’ என்ற சொல்லை உணவுப் பொதிகளிற் பயன்படுத்துவதற்கு வகுத்த வழிகாட்டியும், பொருளை மட்டுமன்றி அதனை ஆக்கும் முறையையும், கொண்டு செல்லும் முறையையும், சேமிக்கும் முறையையும் சேர்த்தே பேசுகிறது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

இனிக் கருவி. 1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், ஞாயிற்றின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியாற் பிரித்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலனாகாத இடத்திலே வெப்பம் ஏறக் கண்டார். அங்கே விழுந்த காணா ஒளியையே ஈழத்துப் பாடநூல்கள் செங்கீழ்க் கதிர் என்கின்றன. தமிழகத்தார் அகச்சிவப்புக் கதிர் என்பர்.

பொருள்களின் மூலக்கூறுகள் அசைவற்றுக் கிடப்பன அல்ல. அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் வீணையின் தந்திகளைப் போல எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிணைப்புக்கும் தனக்கென்று ஒரு சுருதி உண்டு. செங்கீழ்க் கதிரைச் செலுத்தினால், தன் சுருதிக்கு இசைந்த கதிரை அந்தப் பிணைப்பு உறிஞ்சிக்கொள்ளும், எஞ்சியதை விட்டுவிடும். உறிஞ்சப்பட்டவை எவை, எவ்வளவு என்பதைக் கோடாக வரைந்தால் அதுவே அப்பொருளின் நிறமாலை. இக்காலக் கருவி எல்லாச் சுருதிகளையும் ஒருங்கே கேட்டு, பிரெஞ்சுக் கணிதர் ஃபூரியே வகுத்த கணித முறையால் அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. உருக்கிய கொழுப்பில் ஒரு துளியைப் பளிங்கின் மேல் வைத்தாற் போதும். ஓரிரு நிமிடத்தில் நிறமாலை வந்துவிடும்.

அம்மாணவியின் தமையனார் நன்முறையில் வந்து என்னைக் கண்டு, அச்சிட்ட இரண்டு நிறமாலைகளை மேசையின் மேல் விரித்தார். ஒன்று மாட்டுக் கொழுப்பு. மற்றொன்று பன்றிக் கொழுப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகவே தோன்றின. ஒரே மலைத்தொடரை இருமுறை வரைந்தாற் போல, உயர்ந்த இடத்தில் உயர்ந்தும் தாழ்ந்த இடத்தில் தாழ்ந்தும் கிடந்தன. அவர் புன்னகை செய்து, அலையெண் 3006ஐ ஒட்டிய சிறியதொரு மேட்டைப் பென்சிலாற் சுட்டினார். நிறைவுறாத கொழுப்பமிலங்கள் மிகுந்த கொழுப்பிலே அம்மேடு உயரும். மாட்டுக் கொழுப்பிற் குறைந்தும் பன்றிக் கொழுப்பில் மிகுந்தும் இருக்கும். 1100ஐ ஒட்டிய இடத்திலும் நுண்ணிய வேறுபாடு உண்டு. “கண்ணாற் பார்த்துச் சொல்வது கடினம், ஐயா. எத்தனையோ மாதிரிகளைக் கணினிக்குக் காட்டிப் பழக்கிய பின்னர்தான் அது பிரித்தறியும்” என்றார்.

இம்முறையை வளர்த்தவர்கள் நம் அயலவர்களே. மலேசியாவின் புத்ரா பல்கலைக்கழகத்திலே சே மான் என்னும் பேராசிரியரும் அவருடைய துணைவரும், கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் கொழுப்பிற் கலந்த பன்றிக் கொழுப்பை இவ்வழியாற் கண்டறியலாம் என 2001இல் எழுதினர். இந்தோனேசியாவின் கஜா மதா பல்கலைக்கழகத்து அப்துல் ரொஹ்மான் முதலானோர், அந்நாட்டார் விரும்பி உண்ணும் மாட்டிறைச்சி உருண்டையிலே பன்றியிறைச்சி கலப்பதை இதே முறையால் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். தெருவோரத்து வண்டியில் விற்கும் உணவுக்காகப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் விழித்திருந்தது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. ஏழையின் வயிறும் ஏழையின் விரதமும் அறிவியலின் கவனத்துக்கு உரியனவே.

நிற்க. இக்கருவி தருவது எவ்வகை அளவை? காட்சி என்று பலர் எண்ணுவர். அன்று, அது கருதலளவையே. கருவி பன்றியைக் காண்பதில்லை. பன்றிக் கொழுப்புக்கு உரியதெனப் பழக்கப்பட்ட ஒரு கோலத்தைக் கண்டு பன்றிக் கொழுப்பு உண்டென்று துணிகிறது. மலையிலே புகையைக் கண்டு தீயைத் துணிவது போன்றதே இது. கருதலளவை பிழையாதிருக்க வேண்டுமானால், ஏதுவுக்கும் அதனாற் சாதிக்கப்படும் பொருளுக்கும் விட்டு நீங்காத தொடர்பு இருத்தல் வேண்டும். தீயின்றியும் புகை எழுமாயின் அனுமானம் வீழ்ந்துவிடும். புகை போலத் தோன்றும் பனிமூட்டத்தைக் கண்டு தீயென்று கூவுவோனை நம் முன்னோர் ஏதுப்போலியில் இடறினவன் என்றனர். ஹந்தானை மலைச்சாரலில் வாழும் நமக்கு அந்தப் பனிமூட்டம் புதிதன்று.

இக்கருவிக்கும் அத்தகைய பனிமூட்டம் உண்டு. மாட்டுக் கொழுப்போடு தாவர எண்ணெய் சேர்ந்தால் நிறைவுறாத தன்மை உயரும், கோலமும் மாறும். பழக்கப்படாத கலவையை முன்வைத்தால் கருவி தடுமாறும். கலப்பு மிகச் சிறிதாயின் காணாது விட்டுவிடவும் கூடும். ஆதலால் அறிஞர் இதனைச் சல்லடையாகப் பயன்படுத்துவர். ஐயம் எழுந்தவற்றை மரபணுச் சோதனையால் உறுதி செய்வர். 2013 சனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை வெளியிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். மாட்டிறைச்சி பேகர் எனப்பட்ட 27 பண்டங்களைச் சோதித்தபோது 10இல் குதிரையின் மரபணுவும் 23இல் பன்றியின் மரபணுவும் காணப்பட்டன. மரபணுச் சோதனையே அதனை வெளிக்கொணர்ந்தது. தாம் உண்பது யாதென அறியும் உரிமை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோர் அன்றைக்கு விழித்துக்கொண்டனர்.

நம் பக்கத்துக்கே வருவோம். 2024 செப்டெம்பரில் திருப்பதி லட்டுக்கு வாங்கிய நெய்யில் விலங்குக் கொழுப்புக் கலந்திருந்தது என ஆந்திர முதலமைச்சர் கூறியபோது உலகெங்குமுள்ள சைவ வைணவ அன்பர் துடித்தனர். குஜராத்திலுள்ள ஆனந்த் நகரத்து ஆய்வுகூட அறிக்கை அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. அது வேறு முறையால் ஆன சோதனை. ஆயினும் அறிக்கையிலே ஒரு குறிப்பும் இருந்தது: பசு உண்ட தீனியும், அது பட்டினி கிடந்ததும் போன்ற சில காரணங்களால் பிழையான முடிவு தோன்றுதல் கூடும் என்பதே அக்குறிப்பு. மேடைகளில் முழங்கியோருள் எத்தனை பேர் அதனைப் படித்தனர்? ஆய்வாளர் அடக்கத்தோடு எழுதிய ‘கூடும்’ என்ற சொல் தெருவுக்கு வருமுன் ‘ஆயிற்று’ என மாறிவிடுகிறது. இலக்கணம் கற்பிப்போன் என்ற முறையில் இந்த வினைமுற்று மாற்றத்தை நான் மிகப் பெரிய ஆபத்தென்று கருதுகிறேன்.

இனி, மாணவியின் வினாவுக்கு வருகிறேன். கருவி எவ்வளவு கூர்மை பெற்றாலும் உரையளவையை நீக்கிவிடுமா? நீக்காது. இரண்டு ஆடுகள், ஒரே மந்தையில் மேய்ந்தவை. ஒன்று முறைப்படி அறுக்கப்பட்டது. மற்றொன்று தானே செத்தது. முன்னையது ஆகும், பின்னையது ஆகாது. இரண்டின் கொழுப்பிலும் நிறமாலை ஒன்றே. அறுத்தவர் நாவில் இறைவன் பெயர் இருந்ததா என்பதை எந்த அலையெண்ணிலே தேடுவது?

இந்தோனேசியாவில் 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததும் இதற்கு எடுத்துக்காட்டு. அஜினமோட்டோ என்னும் சுவையூட்டியை ஆக்கும்போது, நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊட்டத்தைச் செய்வதற்குப் பன்றியிலிருந்து பெற்ற நொதியம் பயன்பட்டது என்பது தெரியவந்தது. முடிந்த பொருளிலே பன்றியின் கூறு இல்லை. ஆதலால் ஆகும் என்றார் அந்நாட்டு அதிபர் அப்துர் ரஹ்மான் வாஹித். அவரே பெரிய மார்க்க அறிஞர். செய்முறையிலே கலந்ததால் ஆகாது என்றது உலமா சபை. பண்டம் கடைகளிலிருந்து மீட்கப்பட்டது. இருவர் கூற்றிலும் எது சரியென்று தீர்ப்பளிக்க நான் உரியவன் அல்லேன். பூசலின் வேர் எங்கே இருந்தது என்பதே நாம் கருதத்தக்கது. சோதனைக் குழாயில் அன்று. ‘பொருள் போதுமா, அது வந்த வழியும் வேண்டுமா?’ என்ற வினாவில் இருந்தது. அவ்வினாவைக் கேட்பதற்குக் கருவிக்கு வாயில்லை.

ஆகவே, சான்றிதழ் கொடுப்போரை ஒழித்துவிட்டுக் கருவியை வைத்துக்கொள்ளலாம் என்பார் கூற்றுப் பொருந்தாது. நம்பிக்கையே போதும், கருவி எதற்கு என்பார் கூற்றும் பொருந்தாது. நம்பத்தக்கார் யார் என்பதற்கு அளவை நூலார் கூறும் இலக்கணம் மூன்று: பொருளை உள்ளவாறு அறிந்திருத்தல், அறிந்ததை மறையாது கூறுதல், கேட்போர் நன்மையை விரும்புதல். சான்றளிப்போர் தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்த்த பின்னரும், எண்ணெய்ப் பீப்பாயினுள் இருப்பதைக் கண்ணால் அறிய முடியாது. முதலாம் இலக்கணம் நிரம்புவதற்குக் கருவி துணை செய்யும். இரண்டாவதும் மூன்றாவதும் மனிதரிடத்தே இருக்க வேண்டியவை. கருதல் உரைக்குப் பகையன்று, ஊன்றுகோல்.

இதனை எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை மறைத்தால் மேலே கூறிய இரண்டாம் இலக்கணத்துக்கு நான் தவறியவனாவேன்.

2013இல் இந்நாட்டிலே ஹலால் இலச்சினை பெரும் பூசலுக்குப் பொருளாயிற்று. பொது பல சேனா அதனை ஒழிக்க வேண்டுமென்றது. அவ்வாண்டு மார்ச்சு 11ஆம் நாள், உள்நாட்டிலே விற்கும் பொருள்களில் அவ்விலச்சினையை வற்புறுத்துவதில்லை என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. பிறர் சமயத்துக்கான சான்றிதழின் செலவை நாம் ஏன் ஏற்கவேண்டும் என்று அன்று சிலர் கேட்டனர். அக்கேள்வி கேட்கத்தக்கதே, கணக்கைத் திறந்து காட்டுவதே அதற்குத் தக்க விடை. ஆனால் அன்றைய மேடைகளிற் கேட்டது கணக்கன்று, வெறுப்பு.

ஐந்தாண்டு சென்றது. 2018 பெப்ரவரி 26ஆம் நாளிரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையிலே கொத்து ரொட்டிக்கான குழம்பில் மலட்டு மாத்திரை கலந்திருந்தது என்று ஒரு கதை எழுந்தது. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. மறுநாள் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் கைபேசியிலே அந்தக் காணொளியைக் காட்டினார். “உண்மையாக இருக்குமோ, பண்டிதர்?” என்று கேட்டார். அளவையியல் கற்பிக்கும் நான் சொன்ன விடை, “யாருக்குத் தெரியும்” என்பது.

அவ்வளவுதான். ஏது என்ன, அதற்கும் சாதிக்கப்படும் பொருளுக்கும் தொடர்பு என்ன, உரைத்தவர் நம்பத்தக்காரா என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அடுத்த வாரம் திகனையிலும் தெல்தெனியாவிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது வேறு. தாக்கப்பட்ட ஒரு சாரதியின் மரணம். ஆயினும் பல நாளாய்ப் பேசித் திரட்டிய ஐயங்களே அத்தீக்கு விறகாயின என்பதில் எனக்கு ஐயமில்லை. மார்ச்சு 6ஆம் நாள் நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஊரடங்கின்போது சன்னலருகே நின்று, பாத்ததும்பறைப் பக்கம் எழுந்த புகையைப் பார்த்தேன். அங்கே கருதலளவைக்குத் தேவையிருக்கவில்லை.

அம்பாறைக் குழம்பிலே கிடந்தது யாது என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துச் சொல்லிற்று. மாவுக் கட்டி! உணவிலே கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என ஒன்றே இல்லை என்று மருத்துவ அறிஞரும் எடுத்துரைத்தனர். கருவி தன் கடனைச் செய்தது. ஆனால் எரிந்த பின்னரே அதன் சொல் வந்தது. 1857இல் துப்பாக்கித் தோட்டாக்களிலே பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற பேச்சு வட இந்தியாவைப் பற்றியெரியச் செய்ததை வரலாற்று மாணவர் அறிவர். அன்று சோதித்துச் சொல்லக் கருவியில்லை; சொல்லியிருந்தாலும், ஆண்டோர் சொல்லை நம்புவாரும் இல்லை. கருவி வந்துவிட்டது, நம்பிக்கை வந்ததா என்பதே வினா.

கண்டியிலே பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தமிழிலே தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதி ஈழத்துத் தமிழ் நாவலுக்கு முன்னோடியானார். அவருடைய நூலைப் பாடமாக நடத்தி மகிழும் நாம், அவருடைய மரபினர் விற்கும் உணவை மட்டும் ஐயுறுவோமாயின், நாம் கற்ற தமிழ் நாவளவிலே நின்றுவிட்டது என்றே பொருள்.

ஆகலின் என் கருத்தைச் சுருக்கிக் கூறுகிறேன். மலைநாட்டு மக்கள் எளிதில் அணுகத்தக்க உணவுச் சோதனைக் கூடம் ஒன்று அரசின் பொறுப்பிலே கண்டியில் இருத்தல் வேண்டும். இச்செங்கீழ்க் கதிர்க் கருவியும் அதனை உறுதி செய்யும் மரபணுச் சோதனையும் அங்கே அமைதல் வேண்டும். அது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய சலுகையன்று. மரக்கறி உண்ணும் என் போன்றோர்க்கும், மாட்டிறைச்சி விலக்கும் பௌத்தர்க்கும், நல்ல தேங்காய் எண்ணெய் வேண்டும் எல்லார்க்கும் அது பயன்படும். 2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயிலே அஃப்லடொக்சின் என்னும் நஞ்சு காணப்பட்டபோது அஞ்சாத அடுப்பங்கரை எது? முடிவுகள் விரைவாகவும், மூன்று மொழிகளிலும், ‘கூடும்’ என்பது ‘கூடும்’ என்றே நிற்கும்படியும் வெளியிடப்படுதல் வேண்டும். அறுக்கும் முறை, ஆக்கும் முறை ஆகியவற்றுக்குச் சான்றளித்தலை அந்தந்தச் சமயத்து அறிஞரிடமே விட்டுவிடுதல் தகும். அவர்களும் தம் கணக்கையும் முறையையும் யாவரும் காணத் திறந்துவைத்தல் தகும். பாடசாலைகளிலே அளவையியலின் முதற் பாடங்களையேனும் கற்பித்தல் வேண்டும். இது பண்டிதனின் சொந்த ஆசை என்று சிரிப்பார் சிரிக்கட்டும்.

சொன்னபடி மறு சனிக்கிழமை மாணவிக்கு விடை கூறினேன். மேலே எழுதியவற்றுள் ஆசிரியர் ஓய்வறைச் செய்தி நீங்கலாக யாவும் கூறினேன். அவள் சிறிது நேரம் எண்ணிவிட்டு, “அப்படியானால், ஐயா, நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புவதற்குப் பழகத்தான் வேண்டுமா?” என்றாள். ஆம் என்றேன். வகுப்பு முடிந்த பின், அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த வட்டிலப்பம் ஒரு சிறு பாத்திரத்தில் மேசைக்கு வந்தது. “தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி; வேறொன்றும் இல்லை, ஐயா” என்றாள். முட்டை நான் உண்பதில்லை. அதனை அறியாமல் கொண்டுவந்துவிட்டு, உண்மையைச் சொன்னதனாலேயே நான் உண்ண முடியாமற் போயிற்றே என்று அவள் வருந்தினாள். நான் வருந்தவில்லை. அவள் சொல்லை வைத்துத்தான் என் விரதம் அன்று காக்கப்பட்டது. ஆசிரியர் ஓய்வறையில் நான் சொல்லத் தவறியதை அவளுக்கும் சொல்லவேண்டும் என்று அப்போதே எண்ணினேன். வாய் வரவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.